லெஸ்டரின் பெயரில் ஒரு வீதி, நாம் பார்க்காத ஒரு படம்

கொழும்புக் கோட்டையிலிருந்து கொம்பனித்தெருப் பக்கம் போகும்போது ரீகல் தியேட்டர் நிற்கிறதே, அந்த வீதிக்கு சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை என்று பெயர். ஹவ்லொக் டவுன் பக்கத்தில் முன்பு டிக்மன்ஸ் வீதி என்று இருந்ததை இப்போது கலாநிதி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் மாவத்தை என்கிறார்கள். முதலாமவர் 1928ல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கிய தமிழர். இரண்டாமவர், பின்னாளில் அதே கம்பனியின் தயாரிப்பில், இந்த நாட்டில் வந்த படங்களிலேயே சிறந்தது என்று பலரும் சொல்லும் 'நிதானய' என்ற சிங்களப் படத்தை எடுத்த நெறியாளர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் இந்த வீதிகளால் எத்தனையோ தடவை போய்வந்திருப்பார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன் என்று என்னிடம் சொன்ன தமிழர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இது எனக்குப் பெரிய கவலை. சினிமா பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் இத்தனை வருடத்திலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "வாரத்துக்கு நாலு புதுப் படம் வருது, நீங்கள் ஏன் இன்னும் கறுப்பு வெள்ளைக்குள்ளேயே நிக்கிறீங்கள்?" என்பதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் நினைப்பது, பழைய படம் பிடிப்பது என்றால் பழைய காலம் பிடிப்பது, பழைய பாட்டுக் கேட்டால் வரும் ஒரு சுகம் மாதிரி என்று. எனக்கு அப்படி இல்லை. நான் பிறப்பதற்கு முன்னால், எனக்குத் தெரியாத ஊரில், தெரியாத மொழியில் எடுத்த படத்தில் எனக்கு என்ன பழைய நினைவு இருக்க முடியும்? நான் அங்கே தேடிப்போவது ஒருவர் எடுத்த முடிவுகளை. கமராவை எங்கே வைத்தார், எப்போது வெட்டினார், யாருடைய முகத்தைக் காட்டாமல் விட்டார். அதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு விடாது.

ஒரு உதாரணம் சொன்னால்தான் விளங்கும். யசுஜிரோ ஓசு 1953ல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'. ஒனோமிச்சி என்ற சிறிய துறைமுக ஊரில் இருக்கும் வயதான தாய் தகப்பன், டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகன் வைத்தியர், மகள் சிகை அலங்காரக் கடை வைத்திருக்கிறாள், எல்லோருக்கும் வேலை. கெட்ட பிள்ளைகள் ஒருவருமில்லை. நேரம்தான் இல்லை. கடைசியில் பிள்ளைகளே காசு போட்டு அவர்களை ஒரு வெந்நீர் ஊற்றுள்ள விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். போரில் இறந்துபோன இன்னொரு மகனின் விதவை மனைவி ஒருத்திதான் லீவு எடுத்து அவர்களைக் கூட்டிக்கொண்டு திரிகிறாள். கதை இவ்வளவுதான்.

இந்தப் படத்தில் கமரா ஏறக்குறைய அசைவதே இல்லை. அது நிற்கிற உயரத்தைப் பாருங்கள்: தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரின் கண்ணுக்கும் சற்றுத் தாழ்வாகவே பல இடங்களில் நிற்கிறது. நாற்காலியில் இருக்கிறவர் பார்க்கிற உயரமில்லை, நின்றுகொண்டிருக்கிறவர் பார்க்கிற உயரமும் இல்லை. அதனால் ஒரு காரியம் நடக்கிறது. வேலைக்குப் போக எழும்புகிற பிள்ளை ஒவ்வொரு தடவையும் திரையில் உயர்ந்து போகிறது, தாய் தகப்பன் கீழே இருந்தபடியே இருக்கிறார்கள். இதை யாரும் வசனத்தில் சொல்லவில்லை, பின்னணி இசையும் சொல்லவில்லை, கமராவின் உயரம் சொல்கிறது. எங்கள் ஊர் வீடுகளில் பாயில் இருந்து சாப்பிட்டு, பாயில் இருந்தே பேசிப் பழகின ஆட்களுக்கு இந்தப் பார்வையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தையில் எந்தத் தொடர்மாடிக்கும் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, கடல் பக்கத்து பல்கனியில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் அப்பாவும் அம்மாவும். அங்கேயும் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஜப்பானில் எழுபது வருடங்களுக்கு முன்னால் எடுத்த படம் எங்கள் மாடியைப் பற்றி எங்கள் படங்களை விட அதிகம் தெரிந்துவைத்திருக்கிறது.

சரி, ஒரு படத்தை இப்படி ஒருவரின் முடிவுகளாகப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? ஏனென்றால் இது இயல்பாக எல்லோருக்கும் வருகிற பார்வை இல்லை. எங்களுக்கு நீண்ட காலம் படம் என்றால் எம்.ஜி.ஆர். படம், சிவாஜி படம், அல்லது ஏ.வி.எம். படம். ஹொலிவூட்டிலும் அதே கதைதான், நட்சத்திரத்தின் பெயர், ஸ்டூடியோவின் பெயர். நெறியாளர் என்றால் கூலிக்கு வந்து வேலையை முடித்துக் கொடுக்கிற மேஸ்திரி மாதிரி.

பாரிசில் சில இளைஞர்கள் இதை மாற்றினார்கள். அங்கே ஹென்றி லாங்லுவா என்பவர் 1936ல் தொடங்கி வைத்த திரைப்படக் காப்பகம் ஒன்று இருந்தது. அங்கே பழைய படங்களை நாள் கணக்கில், வருடக் கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்த பையன்களுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது: ஒரே ஸ்டூடியோவில், ஒரே மாதிரிக் கதையில், ஒரே நட்சத்திரத்தை வைத்து எடுத்தாலும் சில நெறியாளர்களின் கை தனியாகத் தெரிகிறது. 1951ல் விமர்சகர் அந்த்ரே பசான் முதலானவர்கள் தொடங்கிய 'கையே து சினெமா' சஞ்சிகையில் அவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 1954 ஜனவரியில் பிரான்சுவா த்ரூபோ என்ற 21 வயதுப் பையன் அதில் எழுதிய கட்டுரை, அன்றைய பிரெஞ்சு சினிமாவின் பெரிய தலைகளை எல்லாம் பிடித்து உலுக்கியது. நல்ல நாவலை எடுத்து, நல்ல வசனம் எழுதி, அழகாகப் படம் பிடித்துக் கொடுத்தால் சினிமா ஆகிவிடாது, படத்தை எடுத்தவரின் பார்வை அதில் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர் எழுதிய எழுத்துக்காக 1958ல் கான் திரைப்பட விழாவுக்கு அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை. அடுத்த வருடம், 1959ல், தன் முதல் முழுநீளப் படத்தைக் கொண்டுபோய் அதே விழாவில் சிறந்த நெறியாளர் பரிசை வாங்கினார். அப்புறம் 1962ல் அமெரிக்காவில் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் இதை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்தார், உலகம் முழுக்கப் பரவியது.

இந்தக் கொள்கையை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறவன் இல்லை. ஒரு படம் ஒரே ஆளின் சொத்து என்பது பொய். 'உதிரிப்பூக்கள்' படத்திலிருந்து அசோக் குமாரின் ஒளியையும் இளையராஜாவின் இசையையும் கழித்துவிட்டு மகேந்திரன் என்று மட்டும் சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனாலும் இது ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது, அது போதும் எனக்கு. யார் நடித்தது என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களை, யார் இப்படிப் பார்க்கச் சொன்னது என்று கேட்கவைத்தது.

மகேந்திரன் என்றதும் ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். வந்திருந்தபோது, அவர் முன்னாலேயே ஒரு மாணவன் தமிழ் சினிமா எவ்வளவு பொய்யாக இருக்கிறது என்று மேடையில் பேசினான். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, நல்ல விமர்சகனாக வருவாய் என்று பாராட்டி எழுதியே கொடுத்தார். அந்த மாணவன்தான் மகேந்திரன். பத்திரிகையில் வேலை பார்த்து, துக்ளக்கில் பட விமர்சனம் எழுதி, திரைக்கதை எழுதி, 1978ல்தான் முதல் படத்தை எடுக்க முடிந்தது. த்ரூபோவின் கதையும் இதுவும் ஒரே அச்சு. இருவரும் முதலில் மற்றவர்களின் படங்களைக் கோபத்தோடும் ஆசையோடும் பார்த்தவர்கள். தமிழில் அதற்கு முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள். எஸ். பாலசந்தர் 1954ல் 'அந்த நாள்' எடுத்தார், ஒரு பாட்டுக்கூட இல்லை, படம் தொடங்கிய உடனேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், பிறகு ஒவ்வொருவரும் சொல்லும் கதையாக நகர்கிறது; அகிரா குரசோவாவின் 'ரஷோமோன்' 1951ல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசான தங்கச் சிங்கம் வாங்கி உலகத்துக்குத் தெரியவந்து மூன்றே வருடத்தில் அந்த முறை தமிழுக்கு வந்துவிட்டது. ஸ்ரீதர் 1962ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தின் பெரும்பகுதியை ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடத்திக் காட்டினார், அதற்குப் பிறகு சனம் 'ஸ்ரீதர் படம்' என்று சொல்லிக்கொண்டு தியேட்டருக்குப் போனது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசும் எழுத்திலிருந்து வந்தவர்தான். 1919ல் பிறந்தவர், ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கக் குடும்பம், அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஐவன் பீரிஸ் '43 குழு' ஓவியர்களில் ஒருவர். 1940களின் கடைசியில் லண்டனில் இருந்துகொண்டு கொழும்புப் பத்திரிகைக்கு எழுதினார், பக்கத்தில் சின்னச் சின்னக் குறும்படங்களும் எடுத்தார். ரால்ஃப் கீன் என்ற ஆங்கில ஆவணப்பட நெறியாளர் அப்போது இலங்கை அரசாங்கத் திரைப்படப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார், அவர் சொல்லித்தான் லெஸ்டர் 1952ல் நாடு திரும்பி அந்தப் பிரிவில் சேர்ந்தார். அங்கே கிடைத்தவர்கள் இருவர், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த. மூவரும் அரசாங்க வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து எடுத்ததுதான் 1956ல் வந்த 'ரேகாவ'.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கவேண்டுமானால் அதற்கு முன்னால் சிங்களப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியவேண்டும். முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுணு பொரொந்துவ' 1947 ஜனவரி 21ல் கொழும்பில் கிங்ஸ்லி தியேட்டரில் வெளியானது. எடுத்தது எங்கே? மதுரையில். தயாரிப்பாளர் எஸ்.எம். நாயகம், தமிழர். கதாநாயகி ருக்மணி தேவி, சிங்கள சினிமாவின் முதல் பெரும் நட்சத்திரம், பிறந்தபோது வைத்த பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான படங்களும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தென்னிந்தியப் படங்களின் அச்சில்தான். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவிகளும் விளக்குகளும் பெரியவை, பாரமானவை, கமராவின் சத்தம் ஒலியில் விழாமல் மூடிக் கட்டவேண்டும், படச்சுருளுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். இதெல்லாம் ஸ்டூடியோவுக்குள்தான் சுலபம். ஸ்டூடியோ இங்கே இல்லை, அங்கே இருந்தது. அதனால் கப்பல் ஏறிப்போய்ச் சாயம் பூசிய திரைக்கு முன்னால் சிங்களக் கிராமத்தைக் கட்டினார்கள்.

'ரேகாவ' வெயிலுக்குள் இறங்கியது. ஆவணப்படம் எடுத்துப் பழகிய மூன்று பேருக்கு வெளியே எடுப்பது பயமில்லை. கைரேகை பார்த்து, இந்தப் பையன் நோய் தீர்ப்பவனாக வருவான் என்று ஒருவன் சொல்கிறான், தோழியின் பார்வை போய்த் திரும்பி வருகிறது, ஊரே அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது, பிறகு மழை பொய்த்ததும் அதே ஊர் அவன் மேல் திரும்புகிறது. 1957ல் கான் விழாவில் போட்டிப் பிரிவில் காட்டினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1955ல், கல்கத்தாவில் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை முடித்திருந்தார். ராய், லண்டனில் விட்டோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்துவிட்டுத் தெளிவடைந்தவர், 1947ல் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். இங்கேயும் பாருங்கள், முதலில் ஒரு ரசிகர் கூட்டம், பிறகு படம்.

1963ல் லெஸ்டர் எடுத்த 'கம்பெரலிய' மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவல். கிராமம் தலைகீழாகப் புரண்டுபோவது என்று தலைப்புக்குப் பொருள். தெற்கில் ஒரு பழைய வளவு, அதாவது மேட்டுக்குடிக் குடும்பம் மெல்லச் சரிகிறது, ஆங்கிலம் படித்த சாதாரண வீட்டுப் பையன் மேலே வருகிறான். ஸ்டூடியோவுக்குள் போகவே இல்லை, உண்மையான வீட்டுக்குள் எடுத்தார்கள், ஆட்டம் பாட்டம் சண்டை ஒன்றும் கிடையாது. 1965ல் புதுடில்லி திரைப்பட விழாவில் முதற்பரிசான தங்க மயில் கிடைத்தது. தொகுத்தவர் சுமித்ரா, லெஸ்டரின் மனைவி, அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் முதலில் சொன்ன படம் 'நிதானய'. புதையல் என்று பொருள். 1970ல் முடித்து 1972ல் திரைக்கு வந்தது. சொத்துக் கரைந்துபோன ஒரு பணக்கார வீட்டு ஆண், நடித்தது காமினி பொன்சேகா. கழுத்தில் நான்கு மச்சம் உள்ள கன்னிப்பெண்ணைப் பலி கொடுத்தால் புதையல் கிடைக்கும் என்று தெரிந்துகொள்கிறான். அப்படி ஒருத்தியைக் காண்கிறான், மாலினி பொன்சேகா. அவளைக் கல்யாணம் செய்கிறான். அவள் அவனை உண்மையாகவே நேசிக்கிறாள், அதுதான் வயிற்றைப் பிசைகிற விஷயம். முடிந்துபோன ஒன்றை அவனே திரும்பிப் பார்த்துச் சொல்வதாகப் படம் நடக்கிறது, அதனால் சந்தோஷமான காட்சி வர வர எங்களுக்குப் பயம் கூடுகிறது. வேறொரு நெறியாளர் கையில் இது பேய்ப்படம் ஆகியிருக்கும். லெஸ்டர் கமராவை ஒரு மரியாதையான தூரத்தில் நிறுத்துகிறார். பெரிய வீடு, அகலமான அறைகள், நல்ல தளபாடங்கள், அதற்குள் இரண்டு மனிதர்கள். கொலைகாரனை அவர் வெறுக்கச் சொல்லவில்லை, அவனோடு கொஞ்ச நேரம் அந்த வீட்டில் இருக்கச் சொல்கிறார். ஒரு வர்க்கம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதைப் பலி கொடுக்கும் என்று அதைவிட அமைதியாகச் சொன்ன படத்தை நான் பார்க்கவில்லை. பிரேமசிறி கேமதாசவின் இசையும் அப்படித்தான், கத்தாது.

இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் எம்.எஸ். ஆனந்தன். தயாரித்தது சிலோன் தியேட்டர்ஸ். 1968ன் 'கொளு ஹதவத்த', அதற்கு அடுத்த 'அக்கர பஹ', பிறகு 'நிதானய' என்று லெஸ்டருக்கு வரிசையாக மூன்று படம் கொடுத்தது அந்தக் கம்பனி. அதற்கும் முன்னால், 1960ல், அவருடைய இரண்டாவது படமான 'சந்தேசய'வைத் தயாரித்தவர் கே. குணரத்தினம். சிங்களப் படப் பாட்டுகளில் பாதியை முணுமுணுக்க வைத்த இசையமைப்பாளர்களில் ஒருவர் நாகர்கோவிலில் இருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆர். முத்துசாமி. சிங்கள சினிமா என்று நாம் தள்ளிவைக்கிற அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியதில் எங்கள் ஆட்களின் கையும் இருக்கிறது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் படங்களைப் பார்க்க எங்களுக்கு உரிமை இருக்கிறது, பார்க்காமல் விட்டால் நட்டம் எங்களுக்கு என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு ஏன் பார்க்கவில்லை? மொழி ஒரு காரணம். நான் பார்த்த பழைய சிங்களப் படங்களின் பிரதிகளில் ஆங்கில உபதலைப்பு இருக்கும், தமிழ் இருந்ததில்லை. தமிழ் ஆட்களுக்கு இந்தியப் படம் வந்தது, அது போதும் என்று இரண்டு பக்கமும் இருந்துவிட்டது. எழுதிய ஆட்களும் குறைவு. மட்டக்களப்பில் பிறந்து கொழும்பில் இருந்த கே.எஸ். சிவகுமாரன் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகப் பல பத்தாண்டுகள் உலகப் படங்களையும் உள்ளூர்ப் படங்களையும் பற்றி விடாமல் எழுதினார், 2022ல் காலமானார். அவரை மாதிரி இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால் நிலைமை வேறு.

மற்றக் காரணம் 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம். ஹெந்தலையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். அங்கே எரிந்த படச்சுருள்களில் சிங்களப் படங்களும் இருந்தன. கொம்பனித்தெருவில் 1965ல் திறந்த, 70 மி.மீ. படம் காட்டிய ரியோ தியேட்டரும் ஒரு தமிழ்க் குடும்பத்தினுடையது, அதுவும் எரிந்தது. அதன் கட்டடம் பிறகு எத்தனையோ வருடம் கரி பிடித்தபடியே நின்றது. தியேட்டரை விட்டு வெளியேறின சனம் திரும்ப அந்தத் தியேட்டர்களுக்குள் போய் ஒரு சிங்களப் படத்தைப் பார்க்கிற மனநிலை வருவதற்கு ஒரு தலைமுறை எடுத்தது. அதற்காக நான் யாரையும் குறைசொல்ல மாட்டேன்.

நெருப்புக்குத் தப்பியதைக் காலநிலை பார்த்துக்கொண்டது. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் பழைய படங்கள் எங்கேயோ பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1950களின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட்டில் செய்யப்பட்டது, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாத சாமான். அதற்குப் பிறகு வந்தது அசிடேட், தீக்குப் பயமில்லை, ஆனால் வெக்கைக்கும் ஈரத்துக்கும் தாங்காது. காற்றின் ஈரம் சுருளின் அடித்தளத்தை மெல்லச் சிதைக்கிறது, அதிலிருந்து அசற்றிக் அமிலம் வெளிவருகிறது, அதாவது வினாகிரியில் இருக்கிற அதே அமிலம். வெளிவந்த அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்குகிறது. டப்பாவைத் திறந்தால் வினாகிரி வாசம் அடிக்கும், சுருள் சுருங்கி, வளைந்து, பிறகு புரொஜெக்டரில் போகவே போகாது. கொழும்புக் காற்று எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், அலுமாரியில் வைத்த சப்பாத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். கலர்ப் படத்துக்கு இன்னொரு நோய்: நீலச் சாயம் முதலில் வெளிறிவிட, மிஞ்சியது செம்மை. டிவியில் 60கள், 70களின் கலர்ப் படங்கள் சில ரோஸ் நிறமாகத் தெரிவது அதனால்தான், எடுத்தவர்கள் அப்படி எடுக்கவில்லை.

'நிதானய' தப்பியது தற்செயலில்லை, ஆட்கள் பாடுபட்டதால். ஹொலிவூட் நெறியாளர் மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய அமைப்பின் உதவியோடு இத்தாலியில் போலோஞா நகரத்துப் படச்சுருள் ஆய்வுகூடத்தில் திருத்தி, 2013ல் வெனிசில் மறுபடி காட்டினார்கள். திருத்துவது என்றால் என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு விநாடிக்கு 24 சட்டகம், இரண்டு மணித்தியாலப் படத்தில் 172,800 சட்டகம். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கீறல், தூசு, ஆட்டம் எல்லாம் எடுத்து, ஒளியைச் சமப்படுத்த வேண்டும். லெஸ்டர் அதைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான், 2018 ஏப்ரலில் 99 வயதில் போனார். சுமித்ரா பீரிஸ் 2023 ஜனவரியில் காலமானார். அவருடைய முதல் படம், 1978ல் வந்த 'கெஹெணு லமய்', மும்பையில் இருக்கிற ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் திருத்திக் கொடுக்க 2025ல் கான் விழாவின் பழம்படப் பிரிவில் காட்டப்பட்டது. ஒரு பெண் எடுத்த, பெண்பிள்ளைகளைப் பற்றிய படம். இதைக் கட்டாயம் பாருங்கள், 'நிதானய'வுக்கு அடுத்ததாகப் பாருங்கள்.

சிங்களம், தமிழ் இரண்டு பக்கமும் தெரிந்த நெறியாளர் ஒருவர் இருந்தார், தர்மசேன பத்திராஜ. 70களில் வேலையில்லாத பையன்களையும் மீனவக் கிராமங்களையும் படமெடுத்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், அங்கே இருந்தபோது காவலூர் இராஜதுரையின் எழுத்தில் 'பொன்மணி' என்று ஒரு தமிழ்ப் படமே எடுத்தார். சீதனம், சாதி, ஒரு வீட்டுக்குள் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்கள். அன்றைக்கு எங்கள் சனம் அதை வரவேற்கவில்லை, இந்தியப் படத்தின் வேகம் அதில் இல்லை. இன்றைக்கு அதைப் போட்டுப் பார்த்தால் அந்த மெதுவான நடைதான் அதன் உயிர் என்று தெரிகிறது. அவரும் 2018லேயே போய்விட்டார்.

கித்துல்கலவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் எதையும் எழுத முடியாது. டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை அங்கே களனி கங்கைக் கரையில்தான் எடுத்தார், படம் 1957ல் வந்து ஏழு ஒஸ்கார் வாங்கியது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த நேரம் பாடசாலைச் சுற்றுலாவில் அந்தப் பக்கம் போன பிள்ளைகளில் மட்டக்களப்பு அமிர்தகழிப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு வெள்ளைக்காரர் "மழை" என்று கத்த, மழை கொட்டியதைக் கண்டான். அன்றைக்கே, தானும் ஒருநாள் சொன்னால் மழை பெய்யவேண்டும் என்று முடிவெடுத்ததாகப் பாலுமகேந்திரா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பூனாவில் ஒளிப்பதிவு படித்து, 'முள்ளும் மலரும்' படத்தில் மகேந்திரனுக்குக் கமரா பிடித்து, 1988ல் 'வீடு' எடுத்தார். பாட்டில்லாத படம். அதில் கட்டி முடியாத வீட்டைப் பார்க்கக் கிழவர் ஒருவர் தனியாக வந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது, சொக்கலிங்க பாகவதர். ஒருவரும் பேசுவதில்லை. வீடு வாசல் விட்டு வந்த எந்த யாழ்ப்பாணத்தாரும், மட்டக்களப்பாரும் அந்த இடத்தில் மூச்சை விடாமல் இருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கையைத்தான் கமரா பார்க்கிறது, எங்களையும் அழச்சொல்லித் தள்ளவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சுலபம். ஒரு படத்தை எடுங்கள், இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கதைக்கு. இரண்டாம் தடவை சத்தத்தைக் குறைத்துவிட்டு, கமரா எங்கே நிற்கிறது என்று மட்டும். பௌத்தாலோக மாவத்தையில் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி மண்டபம் இருக்கிறது, அலியான்ஸ் பிரான்சேஸும் கெத்தே நிறுவனமும் படம் காட்டுவார்கள், பெரிய திரையில் கிடைத்தால் விடவேண்டாம். இல்லையென்றால் வீட்டு டிவி போதும்.

போன மாதம் என் மருமகள் ஒருத்தி, இருபது வயது, வெள்ளவத்தை வீட்டில் என்னோடு இருந்து 'நிதானய' பார்த்தாள். சிங்களம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் நான் பழக்கத்தில் இடையிடையே வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில், "மாமா, கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றாள். படம் முடிந்து லைட்டைப் போட்ட பிறகும் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "ஏன் மாமா வீட்டை இவ்வளவு பெரிசாக் காட்டி, அவை ரெண்டு பேரையும் இவ்வளவு சின்னனாக் காட்டுறார்?"

அந்த இடத்துக்குப் பின்னால் ஓடவிட்டு, மறுபடி பார்த்தோம்.